பேருந்து நகரவில்லை

மார்ச் 4

தங்கச்சிக்கு,

1. இதை எழுதுபவன் உன் உடன்பிறந்த அண்ணன். காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் சட்டப் பிரிவில், பிறர் எழுதிய பத்திரங்களில் ஓட்டை தேடுவதைத் தொழிலாகக் கொண்டவன். நீ ஓட்டிய பேருந்திலிருந்து இறங்கும்போது கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட அன்று, உன் இருக்கைக்குப் பக்கத்தில் உள்ள ஒற்றை இருக்கையில் அமர்ந்திருந்த பயணியும் நானே.

2. நேற்று மாலை நீ என் வீட்டு வாசலில் நின்று, உன் அண்ணியின் முன்னிலையிலும் எதிர்வீட்டுப் பல் மருத்துவரின் முன்னிலையிலும், என்னைக் கோழை என்று மூன்று தெருவுக்குக் கேட்கும்படி சொன்னாய். பல் மருத்துவர் எதுவும் காதில் விழாதவர்போலச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தச் செடி ஏற்கெனவே நன்றாக நனைந்திருந்தது.

3. அதன் பிறகு நீ என் அழைப்பை எடுக்கவில்லை. மாப்பிள்ளையின் எண்ணில் அழைத்தேன். "அவ பக்கத்துல இல்லைங்க மச்சான்" என்றார். "இல்லேன்னு சொல்லுங்க" என்ற உன் குரல் அதற்கு முன்பே எனக்குக் கேட்டுவிட்டது.

எண்ணிட்டு எழுதினால் கோபம் அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. ஆகவே எண்களை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

பேருந்து நகர்ந்ததால்தான் பெரியவர் விழுந்தார் என்ற புகாரின் விசாரணைக்கு நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு பொய்யும் இல்லை. "பேருந்து நகரவில்லை" என்று நான் எழுதியிருக்கிறேன். உனக்கு வேண்டியதும் அந்த வாக்கியம்தானே? அதற்கு முன்னால் 'டு த பெஸ்ட் ஆஃப் மை நாலெட்ஜ்' என்று சேர்த்தது, எவனும் தனக்குத் தெரிந்த அளவுக்குத்தான் பேச முடியும் என்பதால். 'வித்தவுட் பிரெஜுடிஸ்' என்றது, நான் சொல்வதை வைத்து உன் உரிமையையோ என் உரிமையையோ யாரும் பறித்துவிடக் கூடாது என்பதற்காக. 'சப்ஜெக்ட் டு கரெக்‌ஷன்' என்றது, தவறிருந்தால் திருத்திக்கொள்வேன் என்ற மரியாதை. இவற்றைத் தமிழில் எழுதினால் வழவழவென்று ஆகிவிடும். ஆங்கிலத்தில் எழுதினால் நீதிமன்றத்தில் நெடுங்காலம் புழங்கி உறுதிப்பட்ட பொருள் இருக்கிறது.

இருக்கைப் பட்டி கட்டிக்கொள்கிறவனை, விபத்துக்கு ஆசைப்படுகிறவன் என்று யாரும் ஏசுவதில்லை. என்னை மட்டும் ஏன் ஏசுகிறாய்?

இப்படிக்கு,
அண்ணன்


மார்ச் 6

அண்ணா,

போன்ல பேசினா நாளைக்கு "நான் அப்படிச் சொல்லலையே"ன்னு நீ சொல்லுவ. அதனால நானும் எழுத்துலயே திட்டுறேன். பத்திரமா வெச்சுக்கோ.

விசாரணை அறையில என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. நீ பேப்பரை நீட்டிட்டு ஆபீசுக்கு லேட்டாச்சுன்னு போயிட்ட. நான் சொல்றேன், கேளு.

விசாரணை அதிகாரிக்கு எங்க டிப்போவுல இருமல் ஐயான்னு பேரு. நல்லதைச் சொல்றப்போ இரும மாட்டார். நம்ம தலையில கல்லைப் போடறதுக்கு முன்னாடி மட்டும் இருமுவார். உன் பேப்பரை எடுத்தார். சத்தமாப் படிச்சார்.

"டு த பெஸ்ட் ஆஃப் மை நாலெட்ஜ், அண்ட் ஆஸ் ஃபார் ஆஸ் ஐ குட் அப்சர்வ், பேருந்து நகரவில்லை, சப்ஜெக்ட் டு கரெக்‌ஷன்."

இருமினார்.

"ஏம்மா, இவருக்கு உறுதியாத் தெரியாதா?"

"தெரியுங்கய்யா. அவர் எப்பவும் அப்படித்தான் எழுதுவார்."

"உங்க கூடப் பிறந்தவர்தானே?"

"ஆமாங்க."

"கூடப் பிறந்தவரே நாலு பக்கமும் முட்டுக் குடுத்துத்தான் நிக்க வைக்கிறார்னா, வண்டி நின்னுச்சுன்னு நான் எப்படிம்மா எழுதறது?"

பெரியவரோட பொண்ணு எதிர்ல உக்காந்திருக்கு. "பார்த்தீங்களா சார், அவங்க ஆளுக்கே நம்பிக்கையில்ல"ங்குது. இருமல் ஐயா என் லைசென்ஸை வாங்கி அவர் மேசை டிராயர்ல போட்டுப் பூட்டிட்டார். இருபதாம் தேதி முடிவு. வண்டி நகர்ந்துச்சுன்னு எழுதிட்டா லைசென்ஸ் ரத்து. அப்புறம் இந்த ஜென்மத்துல நான் ஸ்டீயரிங்கைத் தொட முடியாது.

நீ உண்மையைத் தமிழ்ல எழுதுற, பயத்தை இங்கிலீஷ்ல எழுதுற. அவ்வளவுதான் விஷயம். உறுதிப்பட்ட பொருளாம்! அந்த ரூம்ல அதுக்கு ஒரே பொருள்தான்: "என்னை மாட்டி விட்டுடாதீங்க."

இது உனக்குப் புதுசா? என் கல்யாணப் பத்திரிகையை உன்கிட்டக் குடுத்து அச்சடிக்கச் சொன்னா, கடைசி வரியில "நிகழ்ச்சிகள் மாறுதலுக்கு உட்பட்டவை"ன்னு போட்டவன் நீ. மாப்பிள்ளையே மாறிடுவானோன்னு இவரோட அம்மா ஆடிப்போயிட்டாங்க. இவரு இன்னைக்கும் தையல் மெஷின்ல உக்காந்துக்கிட்டு அதைச் சொல்லிச் சிரிக்கிறார். அப்போ நானும் சிரிச்சேன். இப்போ சிரிப்பு வரல.

பட்டி கட்டிக்கோ, வேணாங்கல. உன் பட்டியை என் கழுத்துல ஏன் மாட்டின?

தங்கச்சி


மார்ச் 8

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை இருமுறை வாசித்தேன். முதல் முறை வெட்கப்பட்டேன். இரண்டாம் முறை எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. நீ வசதியாக ஒன்றை மறந்துவிட்டு எழுதியிருக்கிறாய்.

மருத்துவமனை நடைக்கூடத்தில், மாவுக்கட்டுப் போடும் அறைக்கு வெளியே, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நீ என் சட்டைக் கையைப் பிடித்தாய். என்ன சொன்னாய்? "அண்ணா, நாம பேசிட்டிருந்ததை மட்டும் எழுதிடாதே." நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு ஆங்கிலத்திலும் நிபந்தனை கிடையாது, தமிழிலும் கிடையாது.

இப்போது யோசித்துப் பார். பேருந்து நகரவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? பெரியவரை நான் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சாலையையும் பார்க்கவில்லை. உன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கைகளாலும் நீ ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாய். அதை எழுதினால், "ஓட்டுநரின் கைகளை நீர் ஏன் பார்த்தீர்?" என்று அடுத்த கேள்வி வரும். "ஒரு சுளையை என்னிடம் நீட்டினாள்" என்பது பதில். "ஏன் நீட்டினார்?" என்பது அதற்கடுத்தது. "பேசிக்கொண்டிருந்தோம்." நமக்கு நேர் மேலே, சிவப்பு எழுத்தில், 'ஓட்டுநருடன் பேசாதீர்' என்ற பலகை.

நீ என் வாக்குமூலத்தின் அடித்தளத்தையே உருவிக்கொண்டாய். உருவிய பிறகு கட்டடம் ஆடாமல் நிற்க வேண்டும் என்கிறாய். நான் பொய் சொல்ல மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். உண்மையை முழுதாகச் சொல்லவும் நீ விடவில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே இடம் அந்த ஆங்கிலச் சொற்றொடர்கள்தான். அவற்றை நான் என் பயத்தினால் மட்டும் வைக்கவில்லை. நீ கேட்டுக்கொண்ட மௌனத்தின் மேல் போட்ட போர்வை அது.

கோழை என்று கத்தும் முன் அதையும் கத்தியிருக்கலாம். பல் மருத்துவர் கேட்டிருப்பார்.

அண்ணன்


மார்ச் 11

அண்ணா,

ஆமா. சொன்னேன்.

சொன்னது நெனப்பில்லாம இல்ல. நீ அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்னு நெனச்சேன். எடுத்துட்ட. சரி.

ஏன் சொன்னேன்னு தெரிஞ்சுக்கோ. போன வருஷம் ஒரு அம்மா கூடப் பேசிக்கிட்டே ஓட்டினேன்னு எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்துச்சு. உனக்கு அதைச் சொல்லல. சொன்னா நீ அதுக்கும் ஒரு முன்குறிப்பு எழுதிக் குடுப்ப. ரெண்டாவது தடவை பேசி மாட்டினா வண்டியிலேருந்து எறக்கி டிக்கெட் கவுண்டர்ல உக்கார வைப்பாங்க. கண்ணாடிக்குப் பின்னாடி, ஓட்டைக்குள்ள கையை விட்டுக்கிட்டு. அந்த நேரத்துல அதுதான் பெரிய பயமாத் தெரிஞ்சுது. லைசென்ஸே போகும்னு அப்போ யாருக்குத் தெரியும்?

ஆனா ஒண்ணு. "இதை மறைச்சா உன் கதையே நிக்காது"ன்னு அன்னைக்கே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஊருக்கெல்லாம் எச்சரிக்கை எழுதுற ஆளு, கூடப் பிறந்தவளை எச்சரிக்க மட்டும் வாய் வரல. தலையை ஆட்டிட்டுப் போய் உக்காந்து இங்கிலீஷ்ல எழுதின. எனக்குக் கோபம் அதுலதான். அது போகாது.

நேத்து கடிகாரக்காரர் வீட்டுக்குப் போனேன். போகக் கூடாதுன்னு நீ சொல்லுவ, தெரியும். பொண்ணு கதவுலயே நிறுத்திருச்சு. "எதுக்கு வந்தே, கையெழுத்து வாங்கவா?"ன்னுச்சு. உள்ளேருந்து அவர் கூப்பிட்டார். கட்டுப் போட்ட கையோட, ஒரு கையால ஒரு டைம்பீஸைத் திறந்து வெச்சு முறைச்சுக்கிட்டிருந்தார்.

"வண்டி நகர்ந்துச்சாங்கய்யா?"ன்னு கேட்டேன்.

"நகராம நான் ஏம்மா விழறேன்? என்னைப் பின்னாடி வெடுக்குன்னு இழுத்துச்சே!"

பின்னாடி. அவர் பொய் சொல்லல அண்ணா. அவரை எதுவோ இழுத்தது நிஜம். அது வண்டி இல்ல. எதுன்னு எனக்குத் தெரியல, நான் ஆரஞ்சைப் பார்த்துக்கிட்டிருந்தேன். நீ எதையாவது பார்த்தியா?

பார்த்திருந்தா எழுது. எல்லாத்தையும் எழுது. ஆரஞ்சு, சுளை, பேச்சு, நான் உன்னைக் கிண்டல் பண்ணினது, மருத்துவமனையில சொன்னது, எல்லாம். கவுண்டர்ல உக்கார வெச்சா உக்காந்துட்டுப் போறேன். கவுண்டர்லேருந்து வண்டிக்குத் திரும்பி வர வழி இருக்கு. மேசை டிராயர்லேருந்து வழியில்ல.

ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை இருந்துச்சோ, இருமல் ஐயா கையில போறதுக்கு முன்னாடி நானே கிழிச்சுடுவேன்.

தங்கச்சி


மார்ச் 14

தங்கச்சிக்கு,

எழுத உட்கார்ந்தேன். எழுந்துவிட்டேன்.

நீ கேட்பது இரண்டாவது வாக்குமூலம். முதலாவதில் நான் ஒன்றை விட்டுவிட்டேன் என்பதை இரண்டாவதே ஊருக்குச் சொல்லிவிடும். என் தொழிலில் இது சின்ன விஷயமல்ல. பிறர் மறைத்ததைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். என் மேலாளரின் மைத்துனர் உங்கள் டிப்போவில் கணக்கர். சேதி அவர் காதுக்கு நடந்து போகாது, பறந்தே போகும்.

மேலும், பேனா என் பேச்சைக் கேட்க மறுக்கிறது. "பேருந்து நகரவில்லை" என்று எழுதி முற்றுப்புள்ளி வைக்கும் முன், கை தானாக ஓரத்தில் 'டு த பெஸ்ட்' என்று தொடங்குகிறது. அடித்தேன். மறுபடி எழுதியது. உன் அண்ணி எட்டிப் பார்த்து, "தாள்ல என்ன, பூரான் ஊர்ந்து போன மாதிரி இருக்கு?" என்றாள். எரிந்து விழுந்தேன். அவள் தேநீரை வைத்துவிட்டு, "இது நல்லா இருக்கான்னு கேக்க மாட்டேன், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். இந்த வீட்டில் எல்லோரும் உன் கட்சி.

நீ கேட்டதற்குப் பதில்: ஆம், பார்த்தேன். பெரியவர் விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பியபோது, அவருடைய துணிப்பையின் வார் கதவோரக் கைப்பிடிக் கம்பியில் சுற்றிக்கொண்டு தொங்கியது. பை மேலே, அவர் கீழே. இத்தனை நாளும் அதை நான் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. "பின்னாடி இழுத்துச்சு" என்று அவர் சொன்னதை உன் கடிதத்தில் வாசித்த பிறகே அந்த வாருக்கு அர்த்தம் வந்தது.

எழுதுவேன். ஆனால் ஒன்றில் உனக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன். அவருடைய கால் படியை விட்ட அந்தக் கணத்தை நான் பார்க்கவில்லை. அதை எழுதியே தீருவேன். வார் அவரை இழுத்ததையும் நான் கண்ணால் காணவில்லை, தொங்கியதைத்தான் கண்டேன். அதையும் எழுதுவேன். இதையும் கோழைத்தனம் என்று சொல்வாயானால், நீ வேறு அண்ணனைத் தேடிக்கொள்ளலாம்.

அண்ணன்


மார்ச் 16

அண்ணா,

பார்க்காததைப் பார்க்கலைன்னு எழுது. நான் வேணாம்னு எப்போ சொன்னேன்?

எங்க பலகையைப் பாரு. 'ஓட்டுநருடன் பேசாதீர்.' அதுவும் எச்சரிக்கைதான். படிச்சவனுக்குப் புரியுது, படிக்காதவனுக்குப் படிச்சுக் காட்டினாலும் புரியுது. எதைப் பார்க்கலைன்னு நீ குறிப்பாச் சொன்னா அது ஒரு சேதி. எல்லாத்துக்கும் மேல ஒரே துப்பட்டியைப் போட்டு மூடினா, உள்ள எது இருக்கு எது இல்லைன்னு யாருக்குத் தெரியும்?

சாட்சிக் கையெழுத்துக்கு அண்ணியைப் போடச் சொல்லு. இன்னொருத்தருக்கு அந்தப் பல் டாக்டரைக் கூப்பிடு. செடிக்குத் தண்ணி ஊத்தினது போதும்.

பத்தொன்பதாம் தேதி எங்க வீட்டுக்காரரை அனுப்புறேன். அவர் கையில குடுத்து விடு. நான் வரல. இன்னும் கோபமாத்தான் இருக்கேன்.

தங்கச்சி


மார்ச் 21

அண்ணா,

லைசென்ஸ் என் கையில இருக்கு.

அதுக்காக உன்னை மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. உன் பேப்பரை இருமல் ஐயா எல்லார் முன்னாடியும் சத்தமாப் படிச்சார். நான் உன்னைக் கிண்டல் பண்ணினதை ஒரு எழுத்து விடாம எழுதி வெச்சிருக்க! கதவுக்கு வெளியே நின்ன மெக்கானிக்கெல்லாம் சுவரைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாங்க. இப்போ டிப்போவுல எனக்கு 'ஆரஞ்சு'ன்னு பேரு. இது உன்னாலதான்.

மூணு மாசம் கவுண்டர். பேசினதுக்கு. அது நியாயம்தான்.

ஒண்ணு மட்டும் சொல்லணும். "அந்தக் கணத்தை நான் பார்க்கவில்லை"ங்கிற வரி வந்தப்போ, இப்போ இருமப் போறார்னு பார்த்தேன். இருமல. கண்ணாடியைக் கழட்டி மேசையில வெச்சார். "சரி, இதைப் பார்க்கலைன்னு சொல்ற ஆளு, மத்ததைப் பார்த்திருக்கார்"னார். பெரியவரோட பொண்ணு அப்பாவோட பையை எடுத்து மடியில வெச்சு வாரைத் தடவிப் பார்த்துச்சு. தையல் விட்டிருந்துச்சு. எல்லாரும் வெளியே வந்ததும் எங்க வீட்டுக்காரர் அந்தப் பையை வாங்கிட்டுப் போய்த் தெச்சுக் குடுத்துட்டார், கேக்காமலே.

அந்தப் பேப்பரோட நகல் ஒண்ணு எனக்கு வேணும். கவுண்டர்ல கண்ணாடியில ஒட்டப் போறேன்.

தங்கச்சி


மார்ச் 23

தங்கச்சிக்கு,

என் மேலாளர் விளக்கம் கேட்டார், எழுத்தில். "முதல் வாக்குமூலத்தில் ஒன்றை மறைத்தேன், இரண்டாவதில் சொல்லிவிட்டேன்" என்று எழுதிக் கொடுத்தேன். மீதி எங்கே என்று தாளைத் திருப்பிப் பார்த்தார். என்ன செய்வார்களோ தெரியவில்லை. உன்மேல் எனக்கும் கோபம் தீரவில்லை. நகல் இதோ. கண்ணாடியில் ஒட்டாதே.

அண்ணன்


இரண்டாவது வாக்குமூலம் (நகல்)

1. இதைச் சொல்பவன், பேருந்து ஓட்டுநரின் உடன்பிறந்த அண்ணன். அவள்மேல் எனக்குப் பாசம் உண்டு. அதை மனத்தில் வைத்தே இதை வாசிக்கவும்.

2. முன்பு நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு செய்தியை விட்டுவிட்டேன். ஓட்டுநரும் நானும் பேசிக்கொண்டிருந்தோம். அதை எழுத வேண்டாம் என்று அவள் கேட்டாள். நான் இணங்கினேன்.

3. நூலக நிறுத்தத்தில், புறப்படும் நேரத்துக்காகப் பேருந்து நின்றிருந்தது. கைப் பிரேக்கை அவள் இழுத்தபோது காற்று சீறும் சத்தத்தைக் கேட்டேன். அது விடுபடும் சத்தம் அதன் பிறகு கேட்கவில்லை.

4. அவள் இரண்டு கைகளாலும் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு சுளையை என்னிடம் நீட்டி, "சாப்பிட்டுப் பாரு, இனிக்குதான்னு சொல்லு. சப்ஜெக்ட் டு கரெக்‌ஷன்னு சொன்னே, எறக்கி விட்டுடுவேன்" என்றாள். நான் அவளுடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் விழுந்த சத்தம் அப்போது கேட்டது. சத்தம் கேட்டபோதும் சுளை அவள் விரல்களில் இருந்தது; அதை நான் பிறகுதான் தின்றேன்.

5. பெரியவரின் கால் படியை விட்ட கணத்தை நான் பார்க்கவில்லை.

6. திரும்பியபோது அவருடைய பையின் வார் கைப்பிடிக் கம்பியில் சுற்றித் தொங்கியதைப் பார்த்தேன். அது அவரை இழுத்ததைப் பார்க்கவில்லை. தன்னை எதுவோ பின்னால் இழுத்ததாக அவர் சொல்வதை நம்புகிறேன்.

7. பேருந்து நகரவில்லை.

8. வழக்கமாக இந்த இடத்தில் நான் எழுதும் வரியை எழுதவில்லை.

9. பழம் இனித்தது.

கையொப்பம்: ஓட்டுநரின் அண்ணன்

சாட்சிகள்:
ஓட்டுநரின் அண்ணி
எதிர்வீட்டுப் பல் மருத்துவர் (மூன்றாம் தேதி மாலை வாசலில் நடந்தது எனக்கும் நன்றாகக் கேட்டது)